வட்ட ரம்பத்தின் மோட்டார்: நோயும் பரிகாரமும்

சென்னையிலிருந்து சேலம் செல்லும் பெருவழியில், உளுந்தூர்ப்பேட்டையைக் கடந்து கள்ளக்குறிச்சியை நோக்கிச் செல்வோர், மலைக்கோட்டையின் அடிவாரத்தில் அமைந்துள்ள தியாகதுருகத்தைக் காண்பர். சுற்றுப்புறம் முழுவதும் விவசாயத்தையே நம்பியிருப்பது. எனினும், உழவோடு தச்சுத் தொழிலும் இப்பகுதியில் வேரூன்றியுள்ளது. 2019ஆம் ஆண்டில் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான கள்ளக்குறிச்சியின் மரச்சிற்பத்திற்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சிற்பியின் உளி படுமுன் மரம் பலகையாக வேண்டும். நிலையும் கதவும் ஜன்னலும் செய்வதற்குச் சட்டங்களாக வேண்டும். முன்னாளில் இருவர் நின்று இழுத்த ரம்பத்தின் வேலையை இன்று மேஜையின் நடுவே சுழலும் வட்ட ரம்பம் செய்து விடுகின்றது.

இத்தகைய ரம்ப மேஜைகளுள் பல, தந்தை வாங்கி மகன் ஓட்டுபவை. இரும்புச் சட்டமும் மேஜையும் தலைமுறைக்கு நிற்கும். முதலில் தளர்வது மோட்டாரே. மோட்டார் நின்றால் பட்டறை நிற்கும். வீடு கட்டுவோர் கதவுக்காகக் காத்திருப்பர். காயில் கட்டும் கூலியோ தச்சரின் பல நாள் ஊதியத்தை விழுங்கி விடும். அன்றியும், மோட்டார் சரியாக ஓடாத ரம்பம் கைவிரலுக்குப் பகையாகும். ரம்பத்தை ஓட்டும் மோட்டாரும், கிணற்றங்கரையில் நீர் இறைக்கும் மோட்டாரும், ஊராட்சியின் குடிநீர்த் தொட்டியை நிரப்பும் மோட்டாரும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை. ஆதலால் நாம் இங்குக் கூறுவனவற்றுள் பெரும்பகுதி விவசாயிக்கும் ஊராட்சி உறுப்பினருக்கும் பொருந்தும்.

கோவையில் ஜி. டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் 1937ஆம் ஆண்டில் உருவாக்கிய மோட்டாரே இந்தியாவில் செய்யப்பெற்ற முதல் மின் மோட்டார் எனக் கூறுவது வழக்கம். அன்று முதல் அதன் அடிப்படை அமைப்பு அதிகம் மாறவில்லை. வெளியே அசையாத இரும்புக் கூட்டில் செம்புக் கம்பிச் சுருள்கள். உள்ளே இரு பேரிங்குகளின் மேல் சுழலும் உருளை. சுருளுக்கும் உருளைக்கும் இடையே மின் தொடர்பு ஏதுமில்லை. தேய்வதற்குரிய உறுப்புகள் மிகச் சில என்பதனாலேயே இவ்வகை மோட்டார் நெடுங்காலம் உழைக்கின்றது. கையால் தூக்கிச் செல்லும் சிறிய ரம்ப மேஜைகளில் மட்டும் கார்பன் கட்டிகள் உள்ள வேறு வகை மோட்டார் இருக்கும். அதில் தீப்பொறி மிகுந்தால் கார்பன் தேய்ந்துவிட்டதென அறிந்து மாற்றினால் போதும்.

பரிசோதனையைத் தொடங்குமுன் மெயின் சுவிட்சை அணைத்து, பியூஸ் கட்டைகளைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். சுவிட்சை அணைத்தது மட்டும் போதாது. வேறொருவர் அறியாமல் போட்டுவிடக்கூடும். ஒரு முனை மோட்டாரின் மேல் உருளை வடிவில் காணப்படும் கண்டென்சர், மின்சாரம் நின்ற பின்னும் தன்னுள் மின்னூட்டத்தைத் தேக்கி வைத்திருக்கும். அதன் இரு முனைகளையும் சாதாரண இழை பல்பு ஒன்றின் வழியாக இணைத்து வடித்த பிறகே கை வைக்கலாம்.

பிறகு பெல்ட்டைக் கழற்றிவிட வேண்டும். நோய் மோட்டாரிலா, ரம்பத்திலா என்பதைப் பிரித்தறிய இதைவிட எளிய வழி இல்லை. பெல்ட் இல்லாத நிலையில் மோட்டாரின் புல்லியைக் கையால் சுற்றினால் அது தடையின்றிச் சுழன்று மெல்ல நிற்க வேண்டும். ரம்பத்தின் அச்சையும், பற்களில் விரல் படாமல், அதன் புல்லியைப் பிடித்து அவ்வாறே சுற்றிப் பார்க்க வேண்டும். அச்சு இறுகியிருந்தால் மோட்டார்மீது குற்றமில்லை. அச்சின் பேரிங்கிலோ, தகட்டின் கீழ்ச் சேர்ந்த மரச்சிம்பிலோ தடை இருக்கின்றது. மோட்டார் தனியே நன்றாக ஓடி, பெல்ட்டை மாட்டி மரத்தை வைத்தவுடன் திணறுமாயின், முதலில் பற்களின் கூர்மையைப் பார்க்க வேண்டும். மழுங்கிய பல் மரத்தை அறுப்பதில்லை, தேய்க்கின்றது. அறுத்த இடம் கருகியிருப்பதே அதன் சாட்சி. ஈரம் காயாத வேம்பும் வைரம் பாய்ந்த கருவேலும் அறுபடும்போது பிளவு மூடித் தகட்டைப் பிடித்துக்கொள்ளும். பின்புறம் பிளவுக் கத்தி இல்லாத மேஜையில் பலகை அறுப்பவரை நோக்கியே எறியப்படும். இதை மோட்டாரின் வலுவின்மை என்று கருதிப் பெரிய மோட்டார் வாங்கி மாட்டுவோர் உண்டு. அது பலகையை இன்னும் வேகமாக எறியும், அவ்வளவே.

இனி, சுவிட்சைப் போட்டவுடன் மோட்டார் உறுமுகின்றது, ஆனால் சுழலவில்லை என்னும் நிலையை எடுத்துக்கொள்வோம். பட்டறைகளில் மிகுதியாகக் காணப்படும் குறை இதுவே. இந்நிலையில் சில விநாடிகளுக்கு மேல் மின்சாரத்தை விட்டுவைத்தல் ஆகாது. நின்ற நிலையில் மோட்டார் வழக்கமான மின்னோட்டத்தைப்போல் ஐந்து ஆறு மடங்கு இழுக்கும். குளிரூட்டும் விசிறியும் அப்போது சுழலாது. சுருள் விரைவில் வெந்துவிடும்.

ஒரு முனை மின்சாரத்தில் ஓடும் மோட்டார் தானாகப் புறப்பட இயலாதது. அதனைத் தள்ளிவிடுவதற்கென்றே ஒரு துணைச் சுருளும், கண்டென்சரும், வேகம் வந்தவுடன் அவற்றைத் துண்டிக்கும் ஒரு விசைச் சுவிட்சும் உள்ளே இருக்கின்றன. மோட்டாரை நிறுத்தும்போது அது ஓய்வதற்குச் சற்றுமுன் ‘டக்’ என்று கேட்கும் ஒலி அந்தச் சுவிட்சு மீண்டும் சேர்வதனால் எழுவதாகும். அவ்வொலி கேட்கவில்லையெனில் சுவிட்சின் முனைகளில் மரத்தூள் அடைத்திருக்கலாம், அல்லது அவை கருகியிருக்கலாம். தூளைத் துடைத்து முனைகளைச் சுத்தம் செய்தாலே பல மோட்டார்கள் உயிர் பெறும். கண்டென்சர் உப்பியிருந்தாலோ, எண்ணெய் கசிந்திருந்தாலோ மாற்ற வேண்டியதுதான். புதியதை வாங்கும்போது பழையதன் மேல் எழுதியுள்ள மைக்ரோபாரட் எண்ணும் வோல்ட் எண்ணும் பொருந்துகின்றனவா என்று பார்க்க வேண்டும். புறப்படுவதற்கான கண்டென்சர் வேறு, ஓட்டம் முழுவதும் இணைந்திருப்பது வேறு; ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைத்தல் கூடாது.

மும்முனை மோட்டாருக்குக் கண்டென்சரின் துணை தேவையில்லை. அது உறுமி நின்றால் மூன்று முனைகளுள் ஒன்று வரவில்லை என்பதே பெரும்பாலும் காரணம். ஒரு பியூஸ் போயிருக்கும். அல்லது ஸ்டார்டரின் ஒரு முனை தீய்ந்திருக்கும். அல்லது கம்பத்திலேயே ஒரு கம்பி அறுந்திருக்கும். ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு முனை போனாலோ மோட்டார் நின்றுவிடுவதில்லை. மீதமுள்ள இரு முனைகளில் ஏறத்தாழ ஒன்றே முக்கால் மடங்கு மின்னோட்டத்தை இழுத்துக்கொண்டு, சற்றே முனகியபடி ஓடும். ஓடுகின்றதே என்று நாம் இருந்துவிட்டால் சிறிது நேரத்தில் புகை வரும். தமிழகத்தின் கிணற்று மோட்டார்கள் எரிவதற்கும் இது ஒரு முக்கிய காரணமாகும்.

முனை வருகின்றதா என்று அறிய டெஸ்டரை மட்டும் நம்புதல் தவறு. மோட்டார் இணைந்திருக்கும்போது, போய்விட்ட முனையிலும் சுருளின் வழியாகத் திரும்பி வரும் மின்சாரம் டெஸ்டரை எரியச் செய்யும். ஒரே வாட் அளவுள்ள இரண்டு 230 வோல்ட் பல்புகளைத் தொடராக இணைத்து, மோட்டாரைப் பிரித்துவிட்ட நிலையில், இரண்டிரண்டு முனைகளாக மூன்று முறை பார்ப்பதே சரி. மூன்று முறையும் பல்புகள் ஒரே அளவில் ஒளிர வேண்டும். இச்சோதனையை வயர்மேனைக் கொண்டே செய்விக்க வேண்டும். 415 வோல்ட் இரண்டாம் தவணை கொடுப்பதில்லை.

மோட்டார் புறப்படுகின்றது, ஆனால் வேகமில்லை, சூடும் மிகுதி என்றால் வோல்ட்டேஜை நோக்க வேண்டும். வோல்ட்டேஜ் 230இலிருந்து 184ஆக, அதாவது நூற்றுக்கு எண்பதாகக் குறைந்தால், மோட்டாரின் திருகு விசை எண்பதாகக் குறைவதில்லை. அறுபத்து நான்காகக் குறைகின்றது. குறைந்த விசையோடு அதே மரத்தை அறுக்க வேண்டுமாதலால் அது அதிக மின்னோட்டத்தை இழுத்துச் சூடாகின்றது. குறை எப்போதும் மின் வாரியத்தின் கம்பியில்தான் இருக்கின்றதென எண்ண வேண்டா. 2 குதிரைச் சக்தியுள்ள ஒரு முனை மோட்டார் சுமார் 12 ஆம்பியர் இழுக்கும். மீட்டர்ப் பெட்டியிலிருந்து 50 மீட்டர் தூரத்திற்கு 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி இழுத்திருந்தால், போக வர 100 மீட்டரில் 14 வோல்ட் வீணாகும். புறப்படும் கணத்தில் 50 ஆம்பியர் எனக் கொண்டால் 60 வோல்ட் போய்விடும்! அதே இடத்தில் 4 சதுர மில்லிமீட்டர் கம்பியாயின் ஓடும்போது இழப்பு 6 வோல்ட்டுக்குள் அடங்கும். மோட்டாரைக் குறை கூறுமுன் கம்பியின் பருமனை அளந்து பார்த்தல் நன்று.

மரத்தூளைப் பற்றித் தனியே கூற வேண்டும். நீர் இறைக்கும் மோட்டாருக்கு இல்லாத தொல்லை இது. விசிறி மூடியின் துளைகளில் தூள் அடைந்தால் காற்று நுழையாது. கூட்டின் வெளிப்புறத் தகடுகளின் இடையில் படிந்த தூள் கம்பளிபோல வெப்பத்தைப் பிடித்து வைக்கும். சுருளின் வெப்பம் பத்துப் பாகை உயர உயர அதன் காப்பின் ஆயுள் பாதியாகும் என்பது பொறியியலார் கைக்கொள்ளும் கணக்கு. வாரத்திற்கு ஒருமுறை ஒரு தூரிகையைக் கொண்டு துடைப்பதால் மோட்டாரின் வாழ்நாளில் எத்தனை ஆண்டுகள் கூடும் என்பதை வாசகர்களே கணித்துக்கொள்ளலாம்.

பேரிங் கெட்டால் காதே சொல்லும். கரகரவென்ற ஒலியும், அச்சைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தால் ஆட்டமும் இருப்பின் உடனே மாற்ற வேண்டும். தாமதித்தால் உருளை சுருளின் இரும்பில் உரசி, மலிவான பேரிங்கின் பொருட்டு மோட்டாரையே இழக்க நேரும். விளிம்பில் பொறித்துள்ள எண்ணைப் பார்த்து, இருபுறமும் ரப்பர் மூடியுள்ளதை வாங்கினால் தூள் புகாது. கிரீஸை நிறையத் திணிப்பதும் கெடுதலே. பாதியிடம் காலியாக இருக்க வேண்டும்.

ஸ்டார்டரிலுள்ள ரிலே அடிக்கடி விழுகின்றதென்று அதைக் குச்சியால் முட்டுக் கொடுப்பதும், பியூஸ் கட்டையில் தடித்த கம்பியைச் சுற்றுவதும் காவல்காரனைக் கட்டிப்போட்டுவிட்டு உறங்குவதற்கு ஒப்பாகும். வயல் மோட்டார்களுக்குப் பொருத்தும் ஆட்டோ ஸ்டார்டரை ரம்ப மேஜைக்குப் பொருத்தவே கூடாது. மின்சாரம் நின்றதென்று தச்சர் தகட்டின்மேல் குனிந்து சிம்பை எடுக்கும் வேளையில் மின்சாரம் மீண்டால் ரம்பம் தானே சுழலத் தொடங்கும். மின்சாரம் போனால் விழுந்து, பச்சைப் பித்தானை மீண்டும் அழுத்தினாலன்றி ஓடாத ஸ்டார்டரே இதற்குரியது. விவசாயத்திற்கென வழங்கிய இணைப்பிலிருந்து ரம்பத்திற்குக் கம்பி இழுப்பதும் ஆகாது. 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டப்படி அது முறையற்ற உபயோகமாகக் கருதப்பட்டு, பட்டறைக்காரரின் இலாபத்தை மிஞ்சும் கட்டணம் விதிக்கப்படும்.

எல்லாம் கடந்து காயில் எரிந்தே போயிற்று எனில், அவிழ்ப்பதற்கு முன் அதன் நிறத்தைப் பார்க்க வேண்டும். சுருள் முழுவதும் ஒரே சீராகக் கறுத்திருந்தால் அளவுக்கு மீறிய சுமையோ, குறைந்த வோல்ட்டேஜோ, அடைபட்ட காற்றோ காரணம். மும்முனை மோட்டாரில் ஸ்டார் இணைப்பில் மூன்றில் இரண்டு தொகுதிகளும், டெல்டா இணைப்பில் ஒரு தொகுதியும் மட்டும் கறுத்து, மற்றவை புதிதுபோல் இருந்தால், ஒரு முனை இல்லாமல் ஓடியது என்பது திண்ணம். ஓரிடத்தில் மட்டும் பொட்டுப்போல் தீய்ந்திருந்தால் காப்பு அங்கே பழுதாகியிருந்தது. காயில் கட்டுபவரிடம் கம்பியின் பருமன், சுற்றுகளின் எண்ணிக்கை ஆகியவற்றை எழுதி வாங்கிப் பெயர்ப்பலகையின் அருகே ஒட்டி வைத்தல் அடுத்த முறைக்கு உதவும். திரும்பி வந்த மோட்டாரை, ரம்பத் தகட்டைக் கழற்றிவிட்டே முதலில் ஓட்டிப் பார்க்க வேண்டும். மேஜையின் மேலே பற்கள் அறுப்பவரை நோக்கி வருவதே சரியான திசை. மும்முனை மோட்டார் எதிர்த்திசையில் சுழன்றால் ஏதேனும் இரு கம்பிகளை இடம் மாற்றினால் போதும். பார்க்காமல் விட்டாலோ தகட்டை இறுக்கும் மறை கழன்றுவிடும்.

ஊராட்சியின் குடிநீர் மோட்டாருக்குக் காயில் கட்டிய ரசீது கூட்டத்தில் வைக்கப்படும்போது, எத்தனை தொகுதிகள் கறுத்திருந்தன என்று உறுப்பினர்கள் கேட்கலாம். இரண்டு என்று விடை வந்து, பியூஸையும் ஸ்டார்டர் முனைகளையும் சீர் செய்த செலவு அந்த ரசீதில் இல்லாதிருந்தால், அதே மோட்டார் மீண்டும் எரிந்து அதே பட்டறைக்குப் போக வழியுண்டு.