எடை குறைய ஜிம் வேண்டாம், கடனும் வேண்டாம்



சில மாதங்களுக்கு முன் ஒரு குழுக்கூட்டத்தில் உட்கார்ந்திருந்தோம். சேமிப்பு வசூல் முடிந்து உள்கடன் கோரிக்கைக்கு வந்தபோது ஒரு அக்கா ஐயாயிரம் ரூபாய் கேட்டார். எதற்கு என்று ஊக்குநர் கேட்டதற்கு "வீட்டுச் செலவு" என்றார். தீர்மான நோட்டிலும் அப்படியே எழுதியாயிற்று. கூட்டம் முடிந்து செருப்பு மாட்டும்போதுதான் எங்களிடம் மெதுவாகச் சொன்னார்: "பவுடர் வாங்கணும் மேடம். சோத்துக்குப் பதிலா காலையிலயும் ராத்திரியும் கலக்கிக் குடிச்சா மாசம் அஞ்சு கிலோ குறையுமாம். டவுன்ல ஜிம்முக்குப் போக நமக்கு முடியுமா?"

எங்களுக்குச் சுருக்கென்றது. அந்தப் பவுடர் விற்கும் பெண்ணை அதற்கு முந்தைய பயிற்சியில் பத்து நிமிடம் பேசவிட்டதே நாங்கள்தான். "ஆரோக்கியம் பற்றிப் பேசுகிறேன்" என்றார். நாங்களும் விசாரிக்காமல் மைக்கைக் கொடுத்துவிட்டோம். தவறு எங்களுடையது.

அக்கா பவுடர் வாங்கினார், தீரும்வரை குடித்தார். மூன்று கிலோ குறைந்தது. டப்பா தீர்ந்த இரண்டு மாதத்தில் நான்கு கிலோ ஏறியது. கடன் தவணை மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. பவுடரில் மந்திரம் ஒன்றும் இல்லை. இரண்டு வேளைச் சோறு நின்றதால் எடை குறைந்தது, சோறு திரும்பி வந்ததும் எடையும் திரும்பி வந்தது. அவ்வளவுதான் கணக்கு.

நாங்கள் இந்த விஷயத்தைப் பேசத் தொடங்கினால் எல்லாக் குழுவிலும் ஒரே கேள்விதான் வருகிறது. "விடிஞ்சா எழுந்து ராத்திரி பத்து மணி வரைக்கும் ஓடுறோம். வேலை செய்யாத உடம்பா இது? எங்களுக்கு ஏன் எடை ஏறணும்?" நியாயமான கேள்வி.

ஆனால் எடை ஏறுவது உண்மை. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு 2015-16-ல் நடந்தபோது தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 31 பேர் அதிக எடையோடு இருந்தார்கள். 2019-21-ல் அது 40 ஆகிவிட்டது. அதே கணக்கெடுப்பில் பாதிக்கு மேற்பட்ட பெண்களுக்கு ரத்தசோகை. உடம்பு பெருத்திருக்கிறது, ரத்தம் இல்லை. இந்த இரண்டும் ஒரே பெண்ணிடம் இருக்கலாம் என்பதை மறக்கக் கூடாது.

நாம் செய்யும் வேலை மாறிவிட்டது. நம் அம்மாக்கள் ஆட்டுக்கல்லில் மாவாட்டினார்கள், உரலில் கம்பு குத்தினார்கள், கிணற்றில் இறைத்துக் குடம் சுமந்தார்கள். 2006-ல் இலவச டி.வி. வந்தது. 2011-ல் மிக்ஸி, கிரைண்டர் வந்தன. தெருவுக்குக் குழாய் வந்தது. மக்காச்சோளத்துக்குக் களைக்கொல்லி அடிக்கிறோம், கதிரடிக்க மெஷின் வருகிறது. இதெல்லாம் போய்ப் பழசு திரும்பட்டும் என்று நாங்கள் சொல்லவே மாட்டோம். உரல் குத்திக் கை காய்த்தவர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். ஆனால் இன்று சின்ன வெங்காயத்துக்குத் தாள் அறுக்கப் போனால் என்ன நடக்கிறது? காலை எட்டு மணிக்கு உட்கார்ந்தவர் சாயந்திரம்தான் எழுந்திருக்கிறார். கண் எரிகிறது, முதுகு கடுக்கிறது, விரல் ஓய்ந்துபோகிறது. உடம்பு ஓடியதா என்றால் இல்லை. அசதி வேறு, உடம்பு அசைவது வேறு. தையல் மெஷினில் உட்காரும் சகோதரிகளுக்கும் இதே கதைதான்.

வேலை மாறியது, தட்டு மாறவில்லை. உரல் குத்திய காலத்து அளவில்தான் இன்றும் சோறு போடுகிறோம்.

இங்கே ஒரு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஒரு குழுவில் எல்லோரையும் முந்தின நாள் ராத்திரி என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டோம். முதலில் "ரெண்டு இட்லி", "கொஞ்சம் சோறு" என்றார்கள். அப்புறம் ஒரு பெரியம்மா சிரித்துக்கொண்டே, "பொய் சொல்லாதீங்கடி. பிள்ளைங்க தட்டுல மிச்சம் வச்சது, அவரு வேணாம்னு தள்ளினது, சட்டியில ஒட்டினது, எல்லாம் யார் வயித்துல போச்சு?" என்றார். கூட்டமே சிரித்துவிட்டது. ஆனால் அதுதான் உண்மை. "வீணாப் போயிடுமே" என்று நாம் தின்னும் மிச்சச் சோறு யார் கணக்கிலும் வருவதில்லை. கடைசியில், ராத்திரி பத்து மணிக்கு, பருப்பும் காயும் தீர்ந்த பிறகு, வெறும் சோறும் ரசமுமாக அது உள்ளே போகிறது. சாப்பிட்ட கையோடு படுக்கை.

இதற்கு நாங்கள் சொல்லும் யோசனை ஒன்றுதான். எல்லோரோடும் சேர்ந்து உட்கார்ந்து, முதலிலேயே உங்கள் தட்டில் உங்கள் பங்கைப் போட்டுக்கொள்ளுங்கள். காயும் பருப்பும் உங்களுக்கும் வர வேண்டும். மிஞ்சும் சோற்றில் தண்ணீர் ஊற்றி வையுங்கள், காலையில் பழைய சோறு ஆகட்டும். ஆனால் அது காலைச் சாப்பாட்டுக்குப் பதிலாக இருக்க வேண்டும், இட்லியோடு கூடுதலாக அல்ல. தினமும் மிஞ்சுகிறது என்றால் உலையில் போடும் அரிசியில் ஒரு ஆழாக்கைக் குறையுங்கள். இதை வீட்டில் சொல்வது சுலபமில்லை என்று எங்களுக்கும் தெரியும். "மாமியாரு சாப்பிடாம நான் எப்படி மேடம் முன்னாடி உட்காருறது?" என்று ஒரு தங்கை கேட்டார். மாமியாரையும் கூட உட்கார வையுங்கள். அவருக்கும் சர்க்கரை இருக்கலாம்.

அடுத்தது டீ. ஒரு ஸ்பூன் சர்க்கரை ஏறக்குறைய 5 கிராம், அதில் 20 கலோரி. தினம் ஐந்து டீ, டீக்கு இரண்டு ஸ்பூன் என்றால் சர்க்கரை மட்டுமே 200 கலோரி. வேலை செய்யும் இடத்தில் டீயோடு ஒரு வடை சேர்ந்தால் அதற்கு மேல் ஒரு நூறு. டீயை விடச் சொல்லவில்லை. இந்த வாரம் ஒன்றரை ஸ்பூன், இரண்டு வாரம் கழித்து ஒரு ஸ்பூன் என்று இறக்குங்கள், நாக்கு பழகிவிடும்.

எண்ணெயை ஸ்பூனில் அளப்பதைவிட மாதக் கணக்கில் அளப்பது நமக்கு எளிது. நாலு பேர் உள்ள வீட்டுக்கு ரேஷன் பாமாயில், கடை எண்ணெய் எல்லாம் சேர்த்து மாதம் மூன்று லிட்டருக்குள் இருக்கட்டும். எத்தனை லிட்டர் ஆகிறது என்று எழுதிப் பார்த்த வீடுகளில் பலருக்கு அதிர்ச்சி!

கம்பு, கேழ்வரகு சாப்பிட்டால் எடை குறையும் என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். நூறு கிராம் அரிசியிலும் நூறு கிராம் கம்பிலும் கலோரி கிட்டத்தட்ட ஒன்றுதான், 350-ஐ ஒட்டி. கம்பில் நார்ச்சத்தும் இரும்புச் சத்தும் அதிகம், பசி தாங்கும். அதனால் நல்லது. ஆனால் சோறும் தின்று, மேலே ஒரு சொம்பு கம்பங்கூழும் குடித்தால் எடை ஏறத்தான் செய்யும்.

இனி நடை. அரை மணி நேரம் வேகமாக நடந்தால் செலவாவது சுமார் 120 முதல் 150 கலோரி. ஒரு வடைக்கும் ஒரு டீக்கும் சரியாகப் போய்விடும். ஆகவே வாயைக் கட்டாமல் வெறும் நடையால் எடை குறையாது. "அப்போ எதுக்கு நடக்கணும்?" என்று கேட்பீர்கள். சென்னையில் டாக்டர் அ.ராமச்சந்திரன் குழுவினர் 2006-ல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். சர்க்கரை நோய் வரும் விளிம்பில் இருந்த 531 பேரைச் சில பிரிவுகளாகப் பிரித்தார்கள். தினம் அரை மணி நடை, சர்க்கரையும் எண்ணெயும் குறைந்த சாப்பாடு என்று இருந்த பிரிவில் நோய் வருவது 28 சதவீதம் குறைந்தது. மாத்திரை சாப்பிட்ட பிரிவிலும் ஏறக்குறைய அவ்வளவுதான் குறைந்தது. இதில் எங்களுக்கு மிகவும் பிடித்த செய்தி, நடந்தவர்களின் எடை பெரிதாகக் குறையவே இல்லை, ஆனாலும் பலன் கிடைத்தது என்பதுதான். எனவே ஒரு மாதம் நடந்தும் தராசு முள் அசையவில்லை என்று நிறுத்திவிடாதீர்கள்.

சென்னையிலேயே ஆசியாட் காலனி என்று ஒரு குடியிருப்பு. சர்க்கரை நோய் பற்றி டாக்டர் வி.மோகன் குழுவினர் விளக்கிச் சொன்ன பிறகு, அங்குள்ளவர்கள் யாரையும் எதிர்பார்க்காமல் தாங்களே பணம் போட்டு நடப்பதற்கு ஒரு பூங்கா அமைத்தார்கள். 1998-ல் நூற்றுக்குப் பதினான்கு பேர் போலத்தான் உடற்பயிற்சி செய்துவந்தார்கள். சில ஆண்டுகளில் அது பாதிக்கு மேல் போய்விட்டது. கூடிப் பணம் போடுவது நமக்குப் புதிதா என்ன?

வாலிகண்டபுரத்தில் பூங்காவுக்கு எங்கே போவது என்றால், வாலீஸ்வரர் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களே போதும். திருச்சி - சென்னை நாலுவழிச் சாலை ஓரம் மட்டும் வேண்டவே வேண்டாம், அதுவும் இருட்டில். தனியாகப் போனால் "வேலைவெட்டி இல்லாம நடக்குறா பாரு" என்பார்கள். நாலு பேர் சேர்ந்து போனால் அதே வாய், "எத்தனை மணிக்குக் கிளம்புறீங்க?" என்று கேட்கும். இதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறோம். 2023 நவம்பரில் அரசு தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தில் 8 கிலோமீட்டர் தூரம் வைத்தார்கள். அதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு அரை மணி போதும். அதையும் பத்துப் பத்து நிமிடமாகப் பிரிக்கலாம். பக்கத்தில் வருபவரோடு பேச முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம். வெங்காய வேலைக்குப் போகிறவர்கள் மணிக்கு ஒருமுறை எழுந்து நாலு எட்டு நடந்துவிட்டு உட்காருங்கள். மூட்டுவலி உள்ளவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து எழுவதைப் பத்து முறை செய்து, மெல்ல மெல்லக் கூட்டலாம்.

எடை பார்க்க ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது. ஒரு குழுவில் வெங்காய வியாபாரியின் தராசிலேயே எல்லோரும் ஏறிப் பார்த்துவிட்டார்கள்! அதைவிட எளிது தையல்காரர் டேப். மூச்சை விட்டபின், தொப்புளை ஒட்டிச் சுற்றி அளக்க வேண்டும். பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்கு மேல் போனால் எச்சரிக்கை. ஐந்தடி உயரம் உள்ளவருக்கு 53 கிலோ வரை சரி, 58-ஐத் தாண்டினால் குறைத்தே ஆக வேண்டும். மாதம் ஒன்று அல்லது இரண்டு கிலோவுக்கு மேல் குறைக்க அவசரப்பட வேண்டாம்.

கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள் எடை குறைக்க முயலக் கூடாது. சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ போடுபவர்கள் டாக்டரைக் கேட்காமல் வேளைச் சாப்பாட்டை விடக் கூடாது, மயக்கம் வந்துவிடும். தைராய்டு, மாதவிலக்குக் கோளாறு உள்ளவர்கள் முதலில் டாக்டரைப் பார்க்க வேண்டும். நடக்கும்போது நெஞ்சு அடைத்தால் அந்த இடத்திலேயே நின்று, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். எந்த முயற்சியும் செய்யாமல் எடை மளமளவென்று குறைந்தால் சந்தோஷப்படாதீர்கள். சர்க்கரையோ காசநோயோ இருக்கலாம், பரிசோதனை செய்யுங்கள்.

அடுத்த குழுக்கூட்டத்துக்கு ஒரு டேப் கொண்டு வாருங்கள். அளவை யாரும் சத்தமாகப் படிக்க வேண்டாம், அவரவர் சேமிப்புப் பாஸ்புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் தேதி போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பவுடர், பெல்ட், மூலிகை டீ விற்க யாராவது கூட்டத்துக்கு வந்தால் பேசவிடாதீர்கள். நாங்களே அழைத்து வந்தாலும் சரி.