விவேக் நகர் குழந்தை இயேசுவின் ஸ்பானியப் பூர்வீகமும் செபூ பேராலயத்தின் கதையும்

பெங்களூரு: விவேக் நகரில் வியாழக்கிழமை என்றாலே குழந்தை இயேசு திருத்தலத்தைச் சுற்றியுள்ள சாலைகள் நெரிசலில் திணறும். தமிழ், கன்னடம், ஆங்கிலம் எனப் பல மொழிகளில் நவநாள் வழிபாடு நடைபெறும் அங்கு, பிற மதத்தினரும் மெழுகுவர்த்தியுடன் வரிசையில் நிற்பது வழக்கமான காட்சி. 1971-இல் உருவான இத்தலத்தின் வயது அரை நூற்றாண்டைச் சற்றே கடந்தது. ஆனால், அங்கு வணங்கப்படும் உருவத்தின் பூர்வீகம் 16-ஆம் நூற்றாண்டு ஸ்பெயினைச் சேர்ந்தது.

முடியும் அரச உடையும் தரித்த குழந்தை இயேசு, ஸ்பெயினிலிருந்து இரு வழிகளில் உலகெங்கும் பரவினார். ஒன்று திருமணம், மற்றொன்று படையெடுப்பு.

முதல் வழி செக் நாட்டின் பிராக் நகருக்குச் சென்றது. பொஹீமியப் பிரபுவை மணந்த ஸ்பானியப் பெண் மரியா மான்ரிக் தெ லாரா கொண்டு வந்ததாகக் கருதப்படும் சிலையை, அவருடைய மகள் பொலிக்ஸெனா 1628-இல் கார்மேல் சபைத் துறவிகளுக்கு வழங்கினார். மூன்று ஆண்டுகளில் சாக்சனிப் படையினர் ஆலயத்தைச் சூறையாடினர். கைகள் உடைந்த சிலை பலிபீடத்தின் பின்னே பல ஆண்டுகள் கேட்பாரற்றுக் கிடந்தது. விவேக் நகரில் இருப்பது இந்தப் பிராக் வடிவமே.

இரண்டாம் வழி பிலிப்பைன்ஸின் செபூ தீவுக்குச் சென்றது. 1521-இல் அங்கு வந்த மகெல்லன், திருமுழுக்குப் பெற்ற உள்ளூர் அரசிக்குக் குழந்தை இயேசு சிலையைப் பரிசளித்தார். சில நாள்களிலேயே அருகிலுள்ள மக்தான் தீவில் நடந்த சண்டையில் அவர் கொல்லப்பட்டார். ஸ்பானியர் வெளியேறினர், சிலை அங்கேயே தங்கிவிட்டது.

44 ஆண்டுகளுக்குப் பின், 1565 ஏப்ரலில், லெகஸ்பி தலைமையில் ஸ்பானியக் கப்பல்கள் மீண்டும் வந்தன. பீரங்கித் தாக்குதலில் ஊர் தீப்பற்றியது. எரிந்த குடியிருப்புகளிடையே ஒரு வீட்டில், பெட்டிக்குள் சேதமின்றி இருந்த சிலையைச் சிப்பாய் ஒருவர் கண்டெடுத்தார். வென்றவர்கள் அதை அதிசயம் என்றனர். ஆனால், பாதிரியார் எவருமின்றி இரண்டு தலைமுறைக் காலம் அதைப் பேணிக் காத்தவர்கள், அன்று வீடிழந்து ஓடிய அவ்வூர் மக்களே.

சிலை கிடைத்ததாகக் கருதப்படும் இடத்தில் அகஸ்தீன் சபையினர் மிஷன் ஆலயம் எழுப்பினர். தொடக்க கால ஆலயங்கள் தீக்கிரையாயின. இன்றுள்ள கற்கட்டடம் 18-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஸ்பானிய ஆட்சி 1898-இல் முடிவுக்கு வந்த பிறகும் வழிபாடு தொடர்ந்தது. 1965-இல் பசிலிக்கா தகுதியும், அடுத்த பத்தாண்டுக்குள் தேசிய வரலாற்றுச் சின்னம் என்ற அரசு அங்கீகாரமும் கிடைத்தன.

2013 அக்டோபர் 15-ஆம் தேதி ஏற்பட்ட, 7.2 ரிக்டர் அளவிலான நிலநடுக்கத்தில் அதன் மணிக்கூண்டு சரிந்தது. நவீனக் கோபுரம் கட்டாமல், பழைய தோற்றத்திலேயே அது மீண்டும் எழுப்பப்பட்டது.

செபூவின் 'சினுலோக்' திருவிழா ஆண்டுதோறும் ஜனவரி மூன்றாம் ஞாயிற்றுக்கிழமை நடைபெறுகிறது. விவேக் நகர் திருத்தலத் திருவிழாவோ ஜனவரி 14-ஆம் தேதி, பொங்கலை ஒட்டி வருகிறது.