ஜல்லி வேகன்

ஜல்லி வேகன் என்பது தொடருந்துப் பாதையில் இடப்படும் உடைகற்களை ஏற்றிச் சென்று கொட்டுவதற்கென அமைக்கப்பட்ட சரக்குப் பெட்டி ஆகும். மாதிரித் தொடருந்து ஆர்வலர்கள் இதன் சிற்றுருக்களையும் விரும்பிச் சேர்க்கின்றனர். ஆயினும் உண்மையான வேகனின் வேலையைச் சிற்றுரு செய்வது அரிது. பிரித்தானிய வேகன்கள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

ஜல்லியின் தேவை

ஜல்லி, குறுக்குக்கட்டைகளை நகராமல் பிடித்துக்கொள்கிறது, வண்டியின் எடையை நிலத்தில் பரப்புகிறது, மழைநீரை வடியவிடுகிறது. கட்டைகளின் முனைகளில் போதிய ஜல்லி இல்லாவிடின், கடும் வெயிலில் விரிவடையும் தண்டவாளம் பக்கவாட்டில் நெளிந்து வண்டி தடம் புரளக்கூடும். வண்டிகள் ஓட ஓடக் கற்கள் உராய்ந்து தூளாவதால், அவ்வப்போது புதிய ஜல்லி இடவேண்டியுள்ளது.

உண்மையான வேகன்கள்

பிரித்தானியத் தொடருந்துத் துறையில் பொறியியல் பிரிவின் வேகன்களுக்குக் கடல்வாழ் உயிரினங்கள், மீன்கள் ஆகியவற்றின் பெயர்கள் இடப்பட்டன. தந்திச் செய்திகளைச் சுருக்கமாக அனுப்ப ஏற்பட்ட வழக்கம் இது. கெளுத்தி மீனைக் குறிக்கும் 'கேட்ஃபிஷ்', கடற்பசுவைக் குறிக்கும் 'சீகவ்' போன்றவை இவ்வாறு வந்தவை.

இவற்றுள் நன்கு அறியப்பட்டது 'டாக்ஃபிஷ்'. நான்கு சக்கரங்களும் புனல் வடிவத் தொட்டியும் கொண்ட இது 24 டன் ஜல்லியை ஏற்றக்கூடியது. ஒரு முனையிலுள்ள மேடையில் நிற்கும் பணியாளர் கைச்சக்கரங்களைச் சுழற்றினால் அடிக்கதவுகள் திறக்கும். தண்டவாளங்களுக்கு நடுவிலோ இரு பக்கங்களிலோ வேண்டிய இடத்தில் ஜல்லியைக் கொட்டலாம். வண்டி நடைவேகத்தில் நகர்ந்துகொண்டே இருக்கவேண்டும். நின்ற நிலையில் கதவைத் திறந்தால் ஜல்லி குவிந்து, அதன்மேல் ஏறும் சக்கரம் தடம் புரளலாம். இதனால்தான் 'ஷார்க்' (சுறா) எனும் கார்டு பெட்டி வரிசையின் முனையில் இணைக்கப்பட்டது. அதன் அடியிலுள்ள கலப்பை, தண்டவாளத்தின்மேல் கிடக்கும் கற்களை ஒதுக்கிச் சமப்படுத்தும். பின்னாளில் வந்த 'ஆட்டோபலாஸ்டர்' வேகன்களின் கதவுகளைத் தொலைவில் நின்றே இயக்கலாம்.

சிற்றுருக்கள்

பிரித்தானியாவில் பரவலான 'ஓ-ஓ' வகை மாதிரிகள் 1:76 அளவினவை. ஹெல்யான் நிறுவனம் டாக்ஃபிஷை இவ்வளவில் வெளியிட்டுள்ளது.

நீளம் 76 மடங்கு குறையும்போது கன அளவு சுமார் 4,40,000 மடங்கு குறைகிறது. எனவே 24 டன் சுமை ஏறத்தாழ 55 கிராமாகிவிடும். 50 மி.மீ. கல் 0.7 மி.மீ.க்கும் சிறிய துகளாகும். அதாவது ரவை போன்றது. 6 மி.மீ. எஃகுத் தகட்டை இவ்வாறு சுருக்கினால் 0.08 மி.மீ. தடிப்பே மிஞ்சும். அவ்வளவு மெல்லியதாக நெகிழியை வார்க்க இயலாது என்பதால் சுவர்கள் தடித்து, உள்ளிடமும் திறப்பும் குறுகுகின்றன. ஈரமும் நிலைமின்னும் நுண்துகள்களை ஒட்டவைப்பதால் அவை திறப்பில் எளிதில் அடைத்துக்கொள்ளும். ஆகவே பெரும்பாலான சிற்றுருக்களில் கதவுகள் திறப்பதில்லை. மேலே ஒட்டிய போலிச் சுமையே காணப்படும்.

மாதிரிப் பாதைக்கு ஜல்லி தோற்றத்துக்காகவே தேவைப்படுகிறது. பாதை பலகையில் ஆணியாலோ பசையாலோ முன்பே பொருத்தப்பட்டிருக்கும். ஆர்வலர்கள் துகள்களைக் கரண்டியால் தூவி, தூரிகையால் ஒழுங்குபடுத்தி, நீர்த்த வெண்பசையைச் சொட்டுச் சொட்டாக விடுவர். பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளி சேர்த்தால் பசை நன்கு ஊறும். தடம் மாற்றும் இடங்களில் மிகுந்த கவனம் வேண்டும்: அங்கே பசை பட்டால் நகரும் தண்டவாளம் இறுகிவிடும், ஒட்டாத துகளோ இயந்திரத்தின் பற்சக்கரத்தில் சிக்கும்.