வயலை விற்காமலும் சாஃப்ட்வேர் படிக்கலாம்!

பிளஸ் டூ ரிசல்ட் வருவதும், கார் சாகுபடிக்கு நாற்றுப் பாவுவதும் தாமிரபரணிப் பாசனப் பகுதியில் அடுத்தடுத்து நடக்கும். அந்தச் சமயத்தில் பல வீடுகளில் ஒரே பேச்சுதான். ‘பிள்ளை கம்ப்யூட்டர்தான் படிப்பேன் என்று நிற்கிறான். காலேஜுக்குக் கட்ட அரை ஏக்கரை விற்கலாமா, நகையை அடகு வைக்கலாமா?’

சாஃப்ட்வேர் வேலை என்றாலே பெரிய காலேஜ், பெரிய கடன், பெங்களூரு என்ற எண்ணம் ஊன்றிப்போனதுதான் இந்தத் தவிப்புக்குக் காரணம். அந்த எண்ணம் எவ்வளவு தூரம் சரி என்று பார்க்க, வெளியூர் போக வேண்டியதில்லை. தென்காசி வரை போனால் போதும்.

மலையடிவாரத்தில் சாஃப்ட்வேர்

தென்காசியை அடுத்த மத்தளம்பாறை, மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரக் கிராமம். 2019 நவம்பர் வரை திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. உலகம் முழுக்க வாடிக்கையாளர்களைக் கொண்ட ஜோஹோ நிறுவனம், 2011-ல் தென்காசியில் அலுவலகம் தொடங்கியது. இப்போது மத்தளம்பாறையில் பெரிய வளாகம் இருக்கிறது. வாடிக்கையாளர்களின் புகார்களைப் பதிவு செய்து தீர்த்து வைக்க உதவும் ‘ஜோஹோ டெஸ்க்’ என்ற மென்பொருள் தென்காசியில் உருவானதுதான்.

நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர் ஸ்ரீதர் வேம்பு. தஞ்சாவூர் மாவட்டத்தைப் பூர்வீகமாகக் கொண்டவர். 1989-ல் சென்னை ஐ.ஐ.டி-யில் மின்பொறியியல் முடித்தார். அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, குவால்காம் நிறுவனத்தில் வேலை பார்த்தார். 1996-ல் சகோதரர்களோடும் நண்பரோடும் சேர்ந்து ‘அட்வென்ட்நெட்’ என்ற பெயரில் மென்பொருள் நிறுவனம் தொடங்கினார். 2009-ல் அதற்கு ஜோஹோ என்று பெயர் மாறியது. 2019-ல் அவர் மத்தளம்பாறைக்கே குடிவந்தார். 2021-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 2025 ஜனவரியில் தலைமைச் செயல் அதிகாரி பொறுப்பிலிருந்து விலகி, ஆராய்ச்சியைக் கவனிக்கும் தலைமை விஞ்ஞானி ஆனார்.

படித்தது மின்பொறியியல், பெயர் வாங்கியது மென்பொருளில். கடைசியில் நிர்வாக நாற்காலியை விட்டு, தொழில்நுட்பத்துக்கே திரும்பியிருக்கிறார். இந்தத் துறையில் ஒருவரை நிறுத்தி வைப்பது படிப்பின் பெயரைவிட, விடாத ஆர்வம்தான் என்பதற்கு இது ஓர் அடையாளம்.

‘அவர் ஐ.ஐ.டி-யில் படித்தவர், நம் பிள்ளை அப்படியா?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதற்கான பதில் அவர் நிறுவனம் நடத்தும் பள்ளியில் இருக்கிறது. கல்லூரிப் பட்டம் இல்லாதவர்களையும் பழக்கி எடுக்க முடியும் என்று, 2004-05 வாக்கில் ஒரு சில மாணவர்களோடு பயிற்சியைத் தொடங்கினார்கள். இன்று அதன் பெயர் ‘ஜோஹோ ஸ்கூல்ஸ்’. தென்காசியிலும் நடக்கிறது. பிளஸ் டூ அல்லது டிப்ளமோ முடித்தவர்களை நுழைவுத் தேர்வு, நேர்காணல் வைத்து எடுக்கிறார்கள். இரண்டு ஆண்டுப் பயிற்சி. கட்டணம் கிடையாது, மாதா மாதம் உதவித்தொகையும் உண்டு. கணக்கு, ஆங்கிலம், புரோகிராம் எழுதுவது எல்லாம் சொல்லித் தருகிறார்கள்.

ஒன்றை மறக்கக் கூடாது. இது பல்கலைக்கழகப் பட்டம் அல்ல. பின்னாளில் பட்டம் கேட்கும் அரசு வேலைக்கோ, மேற்படிப்புக்கோ போக நினைத்தால், தபால் வழியிலோ இணைய வழியிலோ ஒரு பட்டத்தையும் சேர்த்துப் படித்து வைத்துக்கொள்வது நல்லது.

கால் வெட்டுபவரும், அணை இடம் பார்ப்பவரும்

சாஃப்ட்வேர் வேலையில் இரண்டு படி உண்டு. புரோகிராம் எழுதுபவர் ‘டெவலப்பர்’. மொத்த அமைப்பையும் வகுப்பவர் ‘ஆர்க்கிடெக்ட்’. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் நம் பாசனத்தைப் பார்த்தாலே விளங்கும்.

தாமிரபரணியில் 8 அணைக்கட்டுகள். அவற்றிலிருந்து 11 கால்வாய்கள். அரியநாயகிபுரத்தில் கோடகன் கால், பழவூரில் பாளையங்கால், சுத்தமல்லியில் நெல்லைக் கால்வாய் பிரிகின்றன. எந்த இடத்தில் ஆற்றை மறிப்பது, எந்தக் குளத்தில் தேக்குவது, வெள்ளம் வந்தால் மறுகால் எங்கே போவது, ஒரு மடை உடைந்தால் மற்ற வயல்கள் எப்படித் தப்புவது என்றெல்லாம் முன்கூட்டியே யோசித்திருக்கிறார்கள். அந்த யோசனைதான் ஆர்க்கிடெக்ட் வேலை. வகுத்த கோட்டில் கரை கசியாமல் கால் வெட்டுவது டெவலப்பர் வேலை.

பி.எம். கிசான் தவணை 2,000 ரூபாய் வரும் நாளை எடுத்துக்கொள்ளுங்கள். நாடு முழுக்க விவசாயிகள் ஒரே நேரத்தில் ‘பணம் வந்ததா?’ என்று செல்போனில் பார்ப்பார்கள். அத்தனை பேரும் நுழைந்தாலும் அமைப்பு படுத்துவிடக் கூடாது. ஒருவர் கணக்கு இன்னொருவருக்குத் தெரியவும் கூடாது. ‘உழவன்’ செயலிக்கும் இதே கதைதான். இதை முன்கூட்டி யோசிப்பவருக்குத்தான் மதிப்பு அதிகம்.

இந்த நிலைக்கு யாரும் ஒரே தாவலில் வருவதில்லை. பிறர் எழுதியதைத் திருத்தி, தன் பிழையைத் தானே தேடி, உடைந்ததைச் சரிசெய்து பழக வேண்டும். பத்து ஆண்டுகூட ஆகலாம். சாதாரண புரோகிராமைச் செயற்கை நுண்ணறிவே எழுதிக் கொடுக்கும் காலம் இது. ஆனால் எதை எழுதச் சொல்வது, எழுதியது சரியா என்று பார்ப்பது மனிதர் வேலையாகத்தான் இருக்கிறது. அதனால் மனப்பாடம் செய்து மார்க் வாங்குவது மட்டும் போதாது. கணக்கில் பிடிப்பும், ‘இது ஏன் இப்படி?’ என்று குடையும் குணமும் வேண்டும்.

செலவு குறைவான வழிகள்

அரசுப் பள்ளி ஒதுக்கீடு: 6-ம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியல், வேளாண்மை உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 7.5% இடம் 2021 சட்டப்படி உண்டு. கலந்தாய்வில் இந்த ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால், கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. பத்தாம் வகுப்பு முடித்ததும் கடன் வாங்கித் தனியார் பள்ளிக்கு மாற்றினால், இந்த வாய்ப்பு கைநழுவிவிடும்.

மாதம் 1,000 ரூபாய்: அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போகும் மாணவிகளுக்கு ‘புதுமைப் பெண்’, மாணவர்களுக்கு ‘தமிழ்ப் புதல்வன்’ திட்டங்களில் கிடைக்கும்.

டிப்ளமோ: பாலிடெக்னிக் முடித்தவர்கள் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். 1981-ல் தொடங்கிய அரசு பொறியியல் கல்லூரி திருநெல்வேலியிலேயே இருக்கிறது.

வீட்டிலிருந்தே பட்டம்: சென்னை ஐ.ஐ.டி., 2021 முதல் இணைய வழியில் தரவு அறிவியல் பட்டப்படிப்பு நடத்துகிறது. பிளஸ் டூ-வில் எந்தப் பிரிவு படித்தவரும், பத்தாம் வகுப்பில் கணக்கும் ஆங்கிலமும் படித்திருந்தால் விண்ணப்பிக்கலாம். தகுதித் தேர்வில் தேற வேண்டும். குடும்ப வருமானத்தைப் பொறுத்துக் கட்டணச் சலுகை உண்டு.

பணம் கட்டும் முன்...

விதை வாங்கும்போது முளைப்புத்திறன் கேட்கிறோம். காலேஜுக்கும் அதே கேள்விதான். அண்ணா பல்கலைக்கழக இணைப்பு இருக்கிறதா? முந்தைய ஆண்டுகளில் எத்தனை பேர் தேர்ச்சி? எத்தனை பேருக்கு, என்ன சம்பளத்தில் வேலை கிடைத்தது? ‘நூறு சதவிகித வேலை உறுதி’ என்ற நோட்டீஸை நம்பிக் கையெழுத்துப் போட வேண்டாம். அங்கே படித்து முடித்த இரண்டு பிள்ளைகளையாவது நேரில் பார்த்துக் கேளுங்கள்.

அதற்கும் முன்னால், பிள்ளைக்கு நிஜமாகவே ஆர்வம் இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். பைத்தான் என்ற கணினி மொழி இலவசம். பள்ளிக் கணினியிலோ, பழைய லேப்டாப்பிலோ எழுதிப் பழகலாம். கோடை விடுமுறையில் தினமும் ஒரு மணி நேரம் உட்காரட்டும். வீட்டு உரச்செலவு, ஆள் கூலி, நெல் விற்ற வரவு இவற்றைக் கூட்டிக் கழித்து லாப நஷ்டம் சொல்லும் சின்ன புரோகிராம் ஒன்றை எழுதச் சொல்லுங்கள். முதல் நாள் ஓடாது. பத்தாம் நாளும் விடாமல் தப்பைத் தேடிக்கொண்டிருந்தால், அந்தப் பிள்ளைக்கு இந்தத் தொழில் ஒத்துவரும். ஒரு வாரத்தில் சலித்துவிட்டால், அதுவும் லாபம்தான். அரை ஏக்கர் மிச்சம்.