‘அபூர்வ ட்யூபா’ வாங்கும் முன் எழுதி வாங்குங்கள்

1933 வாக்கில், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து கிராண்ட் ராபிட்ஸ் நகரில் யார்க் என்ற இசைக்கருவி நிறுவனம் ‘சி’ சுருதியில் இரண்டு பெரிய ட்யூபாக்களை, அதாவது ஆழ்ந்த நாதம் தரும் பித்தளை ஊதுகருவிகளை, செய்தது. பைப் ஆர்கனைப் போல அடியாழத்திலிருந்து எழும் நாதம் வேண்டும் என்று பிலடெல்ஃபியா ஆர்கெஸ்ட்ராவின் நடத்துநர் லியோபோல்ட் ஸ்டொகோவ்ஸ்கி விரும்பினார். அங்கே ட்யூபா வாசித்த பிலிப் டொனடெல்லிக்காக உருவானவை அவை. அவற்றில் ஒன்றை 175 டாலருக்கு வாங்கியவர், அப்போது மாணவராக இருந்த ஆர்னல்ட் ஜேக்கப்ஸ். 1944 முதல் 1988 வரை சிகாகோ சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவில் ட்யூபா வாசித்த அவரால் அந்தக் கருவி உலகப் புகழ் பெற்றது. இரண்டும் பின்னர் சிகாகோ சிம்பொனிக்கே சொந்தமாகின. ஹிர்ஸ்ப்ரன்னர், யமஹா முதலிய நிறுவனங்கள் அவற்றைப் பின்பற்றித் தங்கள் ட்யூபாக்களைச் செய்தன.

‘யார்க்’ என்ற பெயர் விலை பேசும்போது பெரும் பணமாகிறது. ‘இது யார்க்’, ‘இது விற்பனைக்கு வராத முன்மாதிரி’ என்று ஒருவர் சொன்னால் சோதித்துப் பார்க்க எளிய வழி கிடையாது. முன்மாதிரிகள் விலைப்பட்டியலில் வருவதில்லை. சிலவற்றில் வரிசை எண்ணே இருக்காது. எண் இல்லாததையே அபூர்வத்துக்குச் சான்றாகக் காட்டுவார்கள், அதை ஏற்காதீர்கள். எண்ணைச் சுரண்டி அழித்த திருட்டுக் கருவியிலும்தான் எண் இருக்காது.

அதிகம் ஏமாற்றம் நேர்வது ‘வெட்டிய’ ட்யூபாவில். பழைய அமெரிக்க ட்யூபாக்களில் பல ‘பி ஃப்ளாட்’ சுருதி. குழாய் சுமார் 18 அடி. ‘சி’ ட்யூபாவுக்குச் சுமார் 16 அடி போதும். ஆகவே பழையதை வெட்டி, குழாய்களைச் சுருக்கி, ‘சி’ ஆக்குவது நெடுநாள் வழக்கம். அப்படி வெட்டியவற்றில் அருமையான கருவிகள் உண்டு. வெட்டியதை மறைத்து, தொழிற்சாலையிலேயே ‘சி’யாகப் பிறந்தது என்று விற்பதுதான் மோசடி. வளைவுகள் சேரும் இடத்தில் பழைய பற்றவைப்புத் தடம், பொருந்தாத வளையங்கள், வேறொரு கருவியிலிருந்து வந்த வால்வுத் தொகுதி ஆகியவை காட்டிக்கொடுக்கும். புதிதாக வெள்ளி முலாம் பூசியிருந்தால் இந்தத் தடங்கள் மறைந்துவிடும். அப்போது கூடுதல் கவனம் வேண்டும். பித்தளையில் இளஞ்சிவப்புப் புள்ளிகள் தெரிந்தால் துத்தநாகம் அரித்துப் போய்க்கொண்டிருக்கிறது, குழாய் வலுவிழக்கிறது என்று பொருள். பணம் கொடுக்கும் முன், விற்பவருக்குச் சம்பந்தமில்லாத ஒரு பழுதுபார்ப்பவரிடம் கருவியைக் காட்டுங்கள்.

அமெரிக்காவில் லூசியானா தவிர மற்ற எல்லா மாநிலங்களும் சீரான வணிகச் சட்டத்தொகுப்பின் விற்பனைப் பகுதியை ஏற்றிருக்கின்றன. அதன்படி, பேரத்துக்கு அடிப்படையாக அமைந்த வர்ணனையே ஓர் உத்தரவாதம். ‘1930களில் யார்க் செய்த அசல் சி ட்யூபா’ என்று எழுதிக் கொடுத்தவர், கடைக்காரரோ தனிநபரோ, அதற்குப் பொறுப்பு. ‘இதைப் போல நாதம் எங்குமே கிடைக்காது’ என்பது வெறும் புகழ்ச்சி. அதை வைத்து வழக்காட முடியாது. ‘உள்ளது உள்ளபடி’ என்ற ஒரு வரி, சட்டம் தானாகத் தரும் தர உத்தரவாதத்தை நீக்கலாம். எழுத்தில் தந்த தெளிவான வர்ணனையை அது பொதுவாக அழிப்பதில்லை. அதனால்தான் தயாரித்தவர், ஏறத்தாழ எந்தக் காலம், சுருதி, வெட்டப்பட்டதா, மாற்றிய பாகங்கள் எவை என்பதை ரசீதிலேயே எழுதச் சொல்ல வேண்டும். எழுதத் தயங்குபவரிடம் வாங்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து.

உரிமை இன்னொரு சிக்கல். திருடனிடமிருந்து வாங்கியவர், நல்லெண்ணத்தோடு வாங்கியிருந்தாலும் உரிமையாளர் ஆவதில்லை. இது வெறும் கற்பனைப் பயமல்ல: 2011 தொடங்கிச் சில ஆண்டுகள் லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரப் பள்ளிகளில் ட்யூபாக்கள் வரிசையாகத் திருடுபோயின. பிள்ளைகள் வாசிக்கக் கருவி இல்லாமல் நின்றார்கள். முன்மாதிரி என்று சொல்லப்படுவதில் கூடுதலாக ஒரு கேள்வி உண்டு: தொழிற்சாலை அதை விற்றதா, கலைஞரிடம் சோதித்துப் பார்க்கக் கொடுத்ததா? இரவல் என்றால் அதை விற்க அவருக்கு உரிமை இல்லை.

ஏமாந்தது தெரிந்தால் கருவியில் எந்த மாற்றமும் செய்யாதீர்கள். படம் எடுத்து, பழுதுபார்ப்பவரின் அறிக்கையோடு, தாமதிக்காமல் விற்றவருக்கு எழுத்தில் தெரிவியுங்கள்; காலந்தாழ்த்தினால் நிவாரணமே கைநழுவலாம். உத்தரவாத மீறலுக்கு வழக்குத் தொடரப் பொதுவாகக் கருவி கைக்கு வந்த நாளிலிருந்து 4 ஆண்டு அவகாசம். கிரெடிட் கார்டில் வாங்கியது ஒப்புக்கொண்டபடி வரவில்லை என்றால், அதற்கான முதல் பில் அனுப்பப்பட்ட 60 நாளுக்குள் கார்டு நிறுவனத்துக்குப் போய்ச் சேரும்படி எழுதுங்கள். இணையம் வழியே ஏமாற்றப்பட்டால் எஃப்பிஐயின் இணையக் குற்றப் புகார் மையம் இருக்கிறது. சிறு வழக்கு நீதிமன்றத்துக்கு வக்கீல் தேவையில்லை. தொகை வரம்பு மாநிலத்துக்கு மாநிலம் மாறும், கலிஃபோர்னியாவில் தனிநபருக்கு 12,500 டாலர்.

விற்பவர்களுக்கும் இழப்பு உண்டு. வாசித்தவர் மறைந்தபின், வீட்டில் கிடக்கும் நசுங்கிய பித்தளையின் அருமை தெரியாமல் குடும்பத்தார் அடிமாட்டு விலைக்குக் கொடுத்துவிடுகிறார்கள். ஓய்வு பெற்ற கலைஞர்களும் பழுதுபார்ப்பவர்களும் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள்: கருவி யாரிடமிருந்து எந்த ஆண்டு வந்தது, யார் என்ன மாற்றினார்கள். நினைவு தடுமாறும் என்பதால், தேதி உள்ள புகைப்படம், பழைய ரசீது, கச்சேரி நிகழ்ச்சிநிரல் எது கிடைத்தாலும் அந்தக் குறிப்போடு சேர்த்து, கருவிப் பெட்டிக்குள் ஒரு நகலும் வெளியே ஒரு நகலும் வையுங்கள்.