எக்செல்ல இருந்து அமிபுரோக்கரை ஓட்டுறீங்களா? லேட் பைண்டிங், ஏர்லி பைண்டிங் விஷயத்தைத் தெரிஞ்சுக்கோங்க

ஆபீஸ் முடிஞ்சு வீட்டுக்கு வந்ததும், ஒரே பட்டன்ல என்.எஸ்.இ. பவ்காப்பியை அமிபுரோக்கருக்குள்ள ஏத்தி ஸ்கேன் ஓட்டுற எக்செல் ஷீட்டைப் போன வீடியோல காட்டியிருந்தேன். அதுக்கப்புறம் அதிகமா வந்த கேள்வி: "அண்ணா, என் லேப்டாப்ல ஓடுது. ஃப்ரெண்டுக்கு அனுப்பினா கம்பைல் எரர் வருதே, ஏன்?"

காரணம் பைண்டிங்தான். நம்ம கோட்ல ஒரு கட்டளை எழுதறோம். அது அமிபுரோக்கருக்குள்ள எந்த வேலையைக் குறிக்குதுன்னு எப்ப முடிவாகுது? கம்பைல் பண்ணும்போதே முடிவானா ஏர்லி பைண்டிங். ஓடுற நேரத்துல கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டா லேட் பைண்டிங்.

ஒரு ஹோட்டலை நினைச்சுக்கோங்க. மெனு கார்டை முன்னாடியே வாங்கிப் பார்த்துட்டு "7-ம் நம்பர் ஒண்ணு"ன்னு சொல்றது ஏர்லி. அந்த மெனு கார்டுக்குப் பேருதான் டைப் லைப்ரரி. சப்ளையரைக் கூப்பிட்டு "பொங்கல் இருக்கா?"ன்னு ஒவ்வொரு தடவையும் பேர் சொல்லிக் கேக்கறது லேட். புது கார்டு அச்சடிச்சு 7-ம் நம்பர் உப்புமாவா மாறிட்டா, நம்பர் சொல்றவருக்குத்தான் சிக்கல். சாஃப்ட்வேர் அப்டேட்ல உள் நம்பர்கள் மாறினாலும் இதே கதைதான், திரும்ப கம்பைல் பண்ணணும்.

வி.பி.ஏ.ல டூல்ஸ் மெனுவுக்குப் போய், ரெஃபரன்சஸ்ல டிக் போட்டு, வேரியபிளை புரோக்கர்.அப்ளிகேஷன்னு அறிவிச்சா அது ஏர்லி. வெறும் ஆப்ஜெக்ட்னு அறிவிச்சு, கிரியேட்ஆப்ஜெக்ட்ல அதே பேரைக் கொடுத்தா லேட். ஏர்லில எழுதின ஷீட்டை வேற கம்ப்யூட்டருக்கு அனுப்பும்போது அந்த லைப்ரரி அங்க கிடைக்கலைன்னா ரெஃபரன்சஸ்ல 'மிஸ்ஸிங்'னு காட்டும். இதுல கொடுமை என்னன்னா, சம்பந்தமே இல்லாத லெஃப்ட், டேட் மாதிரி சாதாரண ஃபங்ஷன்ல போய் எரர் நிக்கும். அந்த வரியையே முறைச்சுப் பார்த்துட்டு உக்காந்திருப்போம்.

அப்போ லேட்தான் பெஸ்ட்டா? நானும் அப்படித்தான் நினைச்சேன். ஒரு ஞாயித்துக்கிழமை கோடைத் திருத்தும்போது இம்போர்ட் கட்டளைல ஒரு எழுத்தை விட்டுட்டேன். ஏர்லியா இருந்திருந்தா கம்பைல்லயே மாட்டியிருக்கும். லேட்ங்கறதால கம்பைலர் கண்டுக்கவே இல்லை. ஓடும்போது 438-ம் நம்பர் எரர் வந்திருக்கணும். ஆனா மேல 'ஆன் எரர் ரெஸ்யூம் நெக்ஸ்ட்'னு ஒரு வரி போட்டு வச்சிருந்தேன். எரரை முழுங்கிட்டு கோடு அடுத்த வரிக்குப் போயிடுச்சு. திங்கள் ராத்திரி ஸ்கேன் ஓடினது வெள்ளிக்கிழமை டேட்டாவுல. லிஸ்ட்ல வந்த ஒரு பங்கை செவ்வாய் காலைல 9:15-க்கு வாங்கினேன். அது திங்கள்கிழமையே சப்போர்ட்டை உடைச்சுட்டு இறங்கியிருந்துச்சு. போனது 4,200 ரூபாய். தப்பு முழுக்க என்னோடது.

அதுக்கப்புறம் நான் செய்யறது இதுதான். எழுதும்போது ஏர்லி: புள்ளி வச்சதும் கட்டளைகளோட லிஸ்ட் தானா வரும், எழுத்துப்பிழை உடனே மாட்டும். எல்லாம் ஓடினதும் அறிவிப்பு வரியை ஆப்ஜெக்ட்டா மாத்தி, ரெஃபரன்ஸ் டிக்கை எடுத்துட்டு, லேட்டா சேவ் பண்ணிடுவேன். ஃபைல் மேல 'ஆப்ஷன் எக்ஸ்ப்ளிசிட்' கட்டாயம். ஏன்னா ரெஃபரன்ஸை எடுத்ததும் அந்த லைப்ரரியோட கான்ஸ்டன்ட் பேர்களும் போயிடும். உதாரணத்துக்கு, வேர்டுல இருந்து எக்செல்லை லேட்டா ஓட்டினா 'எக்ஸ்எல்அப்'னு எழுத முடியாது, -4162-னு நம்பராவே போடணும். எக்ஸ்ப்ளிசிட் இல்லைன்னா அந்தப் பேரைக் காலி வேரியபிளா எடுத்துக்கிட்டு தப்பான மதிப்போட ஓடப் பார்க்கும்.

இன்னொரு வேலையும் சேர்த்திருக்கேன். இம்போர்ட் முடிஞ்சதும் ஒரு பங்கோட கடைசி கொட்டேஷன் தேதியைப் படிச்சு, அது கடைசி மார்க்கெட் நாளா இல்லைன்னா ஸ்கேனையே நிறுத்திடும். பைண்டிங் எதுவா இருந்தாலும் இந்தச் செக்கை மட்டும் விட்டுடாதீங்க.

ஸ்பீடு பத்திக் கேக்கறவங்களுக்கு: லேட் கொஞ்சம் மெதுவுதான். ஆனா அமிபுரோக்கர் தனி புரோகிராமா ஓடறதால, எக்செல்ல இருந்து அங்க போய்ட்டு வர்ற நேரம்தான் பெருசு. நாள் முடிவுல 50 பங்கு பார்க்கறவங்களுக்கு வித்தியாசமே தெரியாது.

பைத்தான்ல வின்32காம் யூஸ் பண்றவங்க ஒண்ணு கவனிங்க. டிஸ்பேட்ச்னு எழுதினா பொதுவா லேட், என்ஷ்யூர்டிஸ்பேட்ச்னு எழுதினா ஏர்லி. ஆனா ஒரு தடவை என்ஷ்யூர் ஓட்டிட்டா, அது உருவாக்கின ஜென்_பை ஃபோல்டர் கம்ப்யூட்டர்லயே இருக்கும். அதுக்கப்புறம் வெறும் டிஸ்பேட்ச் எழுதினாலும் அதைத்தான் எடுத்துக்கும். சாஃப்ட்வேர் அப்டேட்டுக்கு அப்புறம் புரியாத எரர் வந்தா, முதல்ல டெம்ப்ல இருக்கிற அந்த ஃபோல்டரை டிலீட் பண்ணிட்டுப் பாருங்க. அடுத்த வீடியோல இதை ஸ்கிரீன்ல செஞ்சே காட்டறேன்.