சறுக்குவோரின் காலடியில் ஒளிந்திருக்கும் ஆபத்து

ஆல்ப்ஸ் மலையில் இரவெல்லாம் கொட்டிய பனி ஓய்ந்து, வானம் தெளிந்திருக்கிறது. பராமரிக்கப்படும் தடங்களை விட்டு விலகி, ஆள் நடமாட்டமில்லாத சரிவுகளில் சறுக்க விரும்புவோருக்கு இதைவிட இனிய காலை இல்லை. ஆனால் பனிச்சரிவு உயிரைப் பறிப்பதும் இத்தகைய நாள்களில்தான்.

பனிச்சரிவு என்றதும், உச்சியிலிருந்து தானாகப் பெயர்ந்து வரும் பனியையே நாம் நினைக்கிறோம். உண்மையில், சறுக்குவோரின் உயிரைக் குடிக்கும் பனிச்சரிவுகளில் ஏறக்குறைய பத்தில் ஒன்பதை அவர்களோ உடன் வந்தவர்களோதான் தூண்டிவிடுகின்றனர்.

அது எப்படி? மலைமீது பனி, அடுக்கு அடுக்காகப் படிகிறது. தரையை ஒட்டிய பனியின் வெப்பநிலை 0 பாகை செல்சியஸை ஒட்டியே இருக்கும். தெளிந்த இரவில் மேற்பரப்போ மைனஸ் 20 பாகைக்கும் கீழே இறங்கக்கூடும். இந்த வேறுபாட்டால் நீராவி கீழிருந்து மேலே நகர்கிறது. அப்போது பனித்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாத, கோணல்மாணலான படிகங்களாக மாறுகின்றன. கையில் எடுத்தால் சீனிபோல் உதிரும். இதுவே பலவீன அடுக்கு.

பிறகு புதுப்பனி விழுகிறது. காற்று அதை அள்ளிவந்து இறுக்கமான பலகைபோல் மேலே படியவைக்கிறது. ஒரு தட்டில் சீனியைப் பரப்பி, அதன்மேல் புத்தகத்தை வைத்துச் சாய்த்துப் பாருங்கள். சரிவிலும் நடப்பது ஏறக்குறைய அதுதான். ஒருவரின் எடை பட்டதும் பலவீன அடுக்கு நொறுங்குகிறது. விரிசல் நொடியில் பரவுகிறது. பலகை முழுவதும் வழுக்கி இறங்குகிறது. அதன் வேகம் மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டலாம்.

30 பாகைக்கு மேல் சாய்ந்த சரிவுகளில்தான் இது பெரும்பாலும் நிகழ்கிறது. காலடியில் ‘தொம்’ என்ற அமுங்கிய ஓசை கேட்டாலோ, பனியில் விரிசல் ஓடினாலோ, அருகில் புதிதாகப் பனி சரிந்திருந்தாலோ உடனே திரும்பிவிட வேண்டும். முன்னால் சென்றவரின் தடத்தை நம்பக்கூடாது. பலவீன அடுக்கின் மேலுள்ள பனி ஓரிடத்தில் தடித்தும் இன்னோரிடத்தில் மெலிந்தும் இருக்கும். நால்வரைத் தாங்கிய சரிவு ஐந்தாமவரின்கீழ் உடையலாம்.

சுவிட்சர்லாந்தின் டாவோஸ் நகரிலுள்ள பனி ஆய்வுக்கழகம் குளிர்காலத்தில் நாள்தோறும் ஆபத்தை 1 முதல் 5 வரை தரப்படுத்தி அறிவிக்கிறது. அங்கு ஏறக்குறைய பாதி மரணங்கள் நேர்வது 3ஆம் நிலையில். 5இல் யாரும் வெளியே போவதில்லை. 3ஐ ‘நடுத்தரம்’ என எண்ணிப் போய்விடுகிறார்கள்.

புதையுண்டவரை 10 நிமிடத்துக்குள் தோண்டி எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கின்றனர். அரை மணி நேரமானால் மூவரில் ஒருவரே. மீட்புக் குழு வந்துசேர அந்த நேரம் போதாது. எனவே சமிக்ஞைக் கருவி, நீளக் கம்பி, மண்வாரி மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும். அபாயச் சரிவை ஒருவர் பின் ஒருவராகவே கடக்க வேண்டும். மற்றவர்கள் பாதுகாப்பான இடத்தில் நின்று கவனிக்க வேண்டும். சிக்கியவரைக் காப்பாற்றக்கூடியவர்கள் அவர்கள் மட்டுமே.